மூடியைக் கழற்றி வைத்துச் செய்த சோதனை

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: எந்த மெஷினும் நம் மேஜையில் இருக்கும்வரை நல்லபடியாகத்தான் ஓடும். நீங்களும் ஸ்குரூ டிரைவர் பிடிப்பவர் என்றால் இதைப் படித்ததும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நான் கல்லூரியில் படித்தது தமிழ் இலக்கியம். கணவர் போன பிறகு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் நடத்திய கடையில் உட்கார்ந்தேன். சந்தம் இடறிய வரியைப் போல, சரியாகச் சுற்றாத விசிறியும் என் காதில் உறுத்தும். அந்தக் காதை நம்பித்தான் தொழில். காதுக்குக் கேட்காத பிழைகளும் உண்டு என்று சொல்ல யாரும் இல்லை.

மலையிலிருந்து வந்த பாராட்டு

வெள்ளிமலையில் அருவிகளைப் படம் பிடித்து வீடியோ போடுகிற குமரேசன் ஒருநாள் கடைக்கு வந்தான். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “கடைக்காரர் இல்லீங்களா?” என்றான். நான்தான் என்றதும், வேகம் கூட்டித் தரச் சொல்லி, பாதி மனதோடு கம்ப்யூட்டர் கேபினட்டை மேஜையில் வைத்தான். ரேம் என்கிற மெமரி எந்த வேகத்தில் ஓடும் என்று அதன் பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் வாங்கி மாட்டியதும் அது அந்த வேகத்தில் ஓடிவிடாது. மெஷின் விழிக்கும்போதே பயாஸ் என்கிற அமைப்புத் திரைக்குள் நுழைந்து நாம் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அதோடு நிற்காமல், பெட்டியில் எழுதியதற்கும் ஒரு படி மேலே ஏற்றி, அதற்குத் தக்க வோல்டேஜும் கொஞ்சம் கூட்டினேன்.

பிறகு மலையிலிருந்து போன் வந்தது. ஒரு தடவைகூட மெஷின் நிற்கவில்லையாம். “கீழ் நாட்டுல உங்கள மாதிரி ஒரு கை கெடையாதுங்க. நான் வேற ஆள தேடனதுக்கு மன்னிச்சிக்கங்க.”

பறக்க வேண்டாம் என்றவள்

ரிஷிவந்தியத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சுமதி வந்தது சித்திரை மாதம். கல்யாண ஆல்பம்தான் அவள் பிழைப்பு. கள்ளக்குறிச்சியில் பெரிய ஸ்டுடியோக்கள் வந்த பிறகு, சொன்ன நாளில் ஆல்பம் கொடுப்பவள் என்கிற ஒரு பேர்தான் அவளுக்கு மிச்சம். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் மெஷின் கொஞ்சம் வேகமாக வேண்டும் என்றாள்.

பெட்டியில் எழுதிய வேகமே அவளுக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. மலைக்காரனின் பாராட்டு இன்னும் காதில் இருந்தது. குமரேசனுக்கு வைத்த அதே எண்களை இவளுக்கும் வைத்தேன். மெமரியைச் சோதிக்கும் நிரலை மதியம் முழுவதும் ஓடவிட்டேன். கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி, மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். எப்போதும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். ஒரு பிழையும் வரவில்லை. எவ்வளவு வேகம் ஏற்றியிருக்கிறேன் என்று நான் விளக்க விளக்க அவள் முகம் சுருங்கியது.

“நின்னு நெதானமா ஓடனா போதும் மேடம். பறக்கல்லாம் தேவல.”

நல்ல பிள்ளை

இரண்டு வாரத்தில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வேலை நடுவே தானாக அணைந்து எழுகிறதாம். மூடியைக் கழற்றினேன், விசிறியைத் திருப்பினேன், சோதித்தேன். ஒன்றும் இல்லை. “உங்க ஊர் கரண்ட்தான் சரியில்லை. ஏறி இறங்குது” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பயாஸில் நான் வைத்த எண்களைச் சந்தேகிக்க மனம் வரவில்லை, கரண்டைச் சந்தேகிக்க வந்தது. மறுபடி வந்தபோதும் அதையே சொன்னேன்.

சுமதி கேபினட்டைத் துண்டால் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “உங்க கடையில மட்டும் நல்ல புள்ளையாட்டம் இருக்குது. என் வூட்டுக்கு வந்தாதான் வேலய காட்டுது.”

பாதிப் படம்

பிறகு போனில் அழுதாள். மலையடிவாரத்துக் கல்யாணம் ஒன்றின் படங்களைத் திறந்தால் பல படங்களில் பட்டை பட்டையாக நிறம் மாறியிருக்கிறது. சில படங்களில் கீழ்ப்பாதியே சாம்பல். முகூர்த்த நாட்களில் அவள் கேமரா கார்டை மெஷினில் இறக்கியதும் அழித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுவாள். மெமரி தடுமாறும்போது மெஷின் அணைந்து எழுந்தால்கூடத் தேவலை, இப்படிச் சத்தமில்லாமல் தப்பாகவும் எழுதும். ஷேர் ஆட்டோவில் ரிஷிவந்தியம் போனேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அனல். மூலையில் கேபினட் மெரூன் வெல்வெட்டில் உறை போட்டு நின்றது. ஓரத்தில் ஜரிகை. செம்மண் புழுதி ஏறாமலிருக்க அவளே தைத்தது. பட்டனுக்கு மட்டும் ஒரு ஓட்டை. தொட்டேன், காய்ச்சல் கண்ட நெற்றி போல் சுட்டது. இந்தச் சூட்டில்தான் வேகம் ஏற்றிய மெமரி தடுமாறியிருக்கிறது. வெள்ளிமலையில் என் கைத்திறன் என்று நான் நினைத்தது மலைக் குளிர். என் மேஜையில் அப்படி நினைத்தது விசிறிக் காற்று. பயாஸில் எண்களை இறக்கி, பெட்டியில் எழுதிய வேகத்துக்கும் கீழே வைத்தேன். அழித்த கார்டிலிருந்து முடிந்தவரை படங்களை மீட்டேன். தாலி கட்டும் படத்தின் மேல்தான் அடுத்த கல்யாணம் பதிந்துவிட்டிருந்தது. அது மட்டும் மெஷினில் இருந்த பாதியோடு நின்றது.

அந்நேரம் கல்யாணப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள். நாற்று நடவிலிருந்து நேரே வந்திருந்தாள், காலில் சேறு காயவில்லை. “இன்னா சுமதி, தாலி கட்டறத இன்னொரு தபா கட்டச் சொல்லி எடுக்க முடியுமா? ஊரு சிரிக்காது?” என்றாள். சுமதி தலையைக் குனிந்து, “எங்கூட்டு கரண்ட்டு ஏறி எறங்குதுங்க, அதான்” என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பொய். அவள் அதை நம்பி, தன் பேரில் போட்டுக்கொண்டாள்.

“கரண்ட் இல்லம்மா. நான் வச்ச வேகம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். அந்த அம்மா சேற்றுக் காலோடு திரையருகே வந்தாள். திரையை வெகுநேரம் பார்த்தாள். மேலே இரண்டு முகம், கீழே சாம்பல்.

“மொகம் ரெண்டும் நல்லாத்தான கீது. இத்தயே பெருசா போட்டுக் குடு. கட்டன கை யாருதுன்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா?”

உறையோடு

ஆவணி முகூர்த்தத்துக்கு முன், இன்னொரு முறை சோதித்துத் தரச் சொல்லி, சுமதி மெஷினோடு கடைக்கு வந்தாள். அந்த அம்மா தன் அக்கா வீட்டுக் கல்யாணத்தையும் அவளுக்கே சொல்லியிருக்கிறாளாம். ஆனால் படம் பாதி வந்த கதை ஊரில் பரவி, வேறு இரண்டு வீட்டார் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டார்கள். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பையிலிருந்து மெரூன் வெல்வெட்டை எடுத்தாள்.

“இத்த போட்டே டெஸ்ட்டு பண்ணுங்க மேடம். அந்த ஃபேனையும் ஆஃப் பண்ணிடுங்க. நான் ஒக்காந்துகினு இருக்கேன்.”

வேகம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது மெஷின் மேல் என்ன துணி போடுவீர்கள் என்றுதான். அவர்கள் சிரிக்கும்போது நான் குனிந்து, கீழே விழாத ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருப்பேன்.