தேனீப் பெட்டிக் கடைக்கு வழி

ஒரு இணைப்பை அழுத்துவாள். திறக்கும் பக்கத்தை அடிவரை பார்ப்பாள். ஒரு சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைப்பாள். அடுத்த இணைப்புக்குப் போவாள். மென்பொருள் ஒரே நிமிடத்தில் சோதித்துத் தரும் பட்டியலையும் ஒட்டிலியா ப்ரூமாரு எடுத்து வைத்துக்கொள்வாள். ஆனால் அதை நம்ப மாட்டாள். "அது கதவு திறக்குதான்னு பார்க்கும். உள்ள சரியான ஆளு இருக்கானான்னு நான்தான் பார்க்கணும்."

ருமேனியாவின் யாஷ் நகரில் டிராம் பாதையைப் பார்த்த மூன்றாம் மாடி அறை அவளுடையது. வயது நாற்பத்தொன்பது. செருப்புக் கடையில் பதினோரு வருடம் நின்றவள். அந்தக் கடையின் இணையதளத்தைக் கவனிக்க ஆளில்லாமல் தானே கற்றுக்கொண்டாள். இப்போது தேடுபொறியில் பின்னுக்குப் போன கடைகளை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் தொழில். செருப்புக் கடைப் பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. வருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பாள்.

போன நவம்பரில் தோவாதெர் ஹ்ரிஸ்கு வந்தபோது, காலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். வாஸ்லுயிப் பக்கம் தேனீப் பெட்டி செய்து விற்பவர். 'தேனீப் பெட்டி' என்று தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த அவருடைய கடை நாலாம் பக்கத்தில் கிடந்தது. பெட்டி விற்பது வசந்தத்தில்தான். வருகிற வசந்தமும் கைவிட்டால் பட்டறையை மூடி, இரண்டு தச்சர்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

"என்ன அண்ணே பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. ஈஸ்டருக்குச் சுத்தம் பண்ணோம். பொண்டாட்டி பரணைக் காலி பண்ணா, நான் சைட்டைக் காலி பண்ணேன்."

ஈஸ்டருக்கு முந்திய வாரம் அங்கே எந்த வீட்டிலும் பழைய துணிகூடத் தங்காது. அந்தக் கையோடு அவர் நூற்றுப் பன்னிரண்டு பழைய பக்கங்களை அழித்திருந்தார்: பெட்டிக்கு வண்ணம் பூசுவது, எறும்பு ஏறாமல் தடுப்பது, பனிக்காலத்தில் மூடி வைப்பது. ருமேனியத் தேனீக்காரர்கள் பத்து வருடமாகத் தங்கள் இணைய மன்றங்களில் 'இதைப் படி' என்று இணைப்புக் கொடுத்ததெல்லாம் அந்தப் பக்கங்களுக்குத்தான். அந்த இணைப்புகளை வைத்துத்தான் தேடுபொறி கடையை மதித்தது. பக்கங்கள் போனதும், வழிகாட்டிய அத்தனை விரல்களும் வெறும் சுவரைக் காட்டின. மதிப்பும் கூடவே போயிற்று.

"என் மச்சான் எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டானே, பத்தாதா?"

"எறும்புக்கு வழி கேட்டு வந்தவனை வாசல்ல நிறுத்தி வணக்கம் சொன்னா போதுமா அண்ணே? மச்சானை வேற வேலைக்கு அனுப்புங்க."

இணையக் காப்பகத்தில் பழைய பிரதிகளைத் துழாவி, அறுபத்தெட்டுப் பக்கங்களை அதே முகவரியில் திரும்ப வைத்தாள். முப்பத்தொரு முகவரிகளை, அதே விஷயத்தைச் சொல்லும் புதிய பக்கங்களுக்கு நிரந்தரமாகத் திருப்பினாள். மீதிப் பதின்மூன்றைத் தொடவில்லை. "யாரும் தேடி வராத பக்கம் செத்தா செத்ததுதான். அதால கடைக்கு ஒரு கெடுதலும் இல்ல."

டிசம்பரில் ஒரு அசைவும் இல்லை. தோவாதெர் வாரம் தவறாமல் அழைத்தார். "உங்க தேனீ பனியில வெளிய வருதா? இதுவும் வராது. பொறுங்க" என்று போனை வைத்துவிடுவாள். பிப்ரவரியில் கடை மூன்றாம் பக்கம் ஏறியது. மார்ச் தொடக்கத்தில் முதல் பக்கத்தின் அடியில் தலை நீட்டியது.

மார்ச் கடைசி வாரம், ஒரு காலை, அவள் திரையில் அது முதலிடத்தில் இருந்தது. அவள் அதையும் நம்பவில்லை. தினமும் அந்தக் கடையையே திறந்து பார்க்கும் கணினி அதை முன்னால் காட்டுவது அதிசயமா? கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். டிராமுக்கு நின்ற பாதிரியாரிடம் அவர் போனில் 'தேனீப் பெட்டி' என்று தேடச் சொன்னாள்: முதலிடம். மருந்துக்கடைப் பெண்ணின் போனிலும் முதலிடம். மூன்றாவதாகப் பூக்காரி அக்லாயா, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"எனக்கெதுக்குடி தேனீப் பெட்டி? காசு குடுத்துக் கொட்டு வாங்கவா?"

"தேடு மட்டும், போதும்."

தேடினாள். "ஹ்ரிஸ்கு தேனீப் பெட்டிப் பட்டறைன்னு வருது. எல்லாத்துக்கும் மேல. உள்ள போகட்டுமா?"

ஒட்டிலியா தன் போனில் தோவாதெரை அழைத்தாள். மறுமுனையில் அவர் "சொல்லும்மா" என்றதும், போனைப் பூக்காரியின் வாய்க்கு நேரே பிடித்தாள். "இப்ப படிச்சதை இவர்கிட்ட சொல்லு."