மஞ்சள் கயிறு கட்டிய பார்சல்

சென்ற வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த சமயத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் பண்பொழி. வாசலில் நின்றால் திருமலை முருகன் குடியிருக்கும் மலை தெரியும். தினமும் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் தையல் மிஷினில் கை வைப்பேன். நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்வதும், பழைய பட்டுப்புடவைகளைச் சரிபண்ணிக் கொடுப்பதும் என் தொழில். ஒருத்தர் சொல்லி ஒருத்தர் என்று வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் கேட்டு வருவார்கள். வேலை முடிந்ததும் கூரியரில் அனுப்பிவிடுவேன்.

அப்படித்தான் வைகாசியில் ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். பையிலிருந்து ஒரு அரக்குக் கலர் பட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் அம்மா கல்யாணத்தன்று கட்டிய புடவை. அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறதாம். மடிப்பில் இரண்டு இடம் இற்றிருந்தது, ஜரிகை ஒரு பக்கம் பிரிந்திருந்தது. "இதைக் கட்டித்தான் அக்கா மணையில உக்காரணும். அம்மா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "கவலைப்படாத தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சொன்னபடியே வேலை நன்றாக வந்தது. இற்ற இடம் எதுவென்று எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதே நிறத்தில் ஜாக்கெட்டும் தைத்து முடித்தேன்.

கல்யாணப் பார்சல் என்றால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்திரிகைக்குச் செய்வது போல நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிற்றால் சுற்றிக் கட்டுவேன். உள்ளே, பாலித்தீன் பையில் போட்ட துணிக்கு மேலே, முருகன் சந்நிதியில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றும் விபூதிப் பொட்டலமும் வைத்திருப்பேன். இந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லையே என்று அன்றைக்கு மஞ்சளையும் குங்குமத்தையும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன், பேரும் போன் நம்பரும் எழுதிய இடத்தையும் அது தொட்டது.

தென்காசி கூரியர் ஆபீசுக்குப் போகும்போது நல்ல சாரல். முந்தானையால் மூடித்தான் கொண்டுபோனேன். ஆனாலும் பிரவுன் பேப்பர் நனைந்துவிட்டது. கவுண்டரில் இருந்த தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, பார்சலா, சீர்வரிசைத் தட்டா? மேல ஒரு கவர் போட்டிருவோமா?"

"வேண்டாம் தம்பி. மங்கலப் பொருளை மூடப்பிடாது. அப்படியே அனுப்புங்க" என்றேன்.

அவர் தென்காசி என்று அச்சடித்த ஆபீஸ் ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே வைத்தார். அது திங்கட்கிழமை. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

புதன்கிழமை மதியம் என் போனுக்கு மெசேஜ் வந்தது. பார்சல் ஒப்படைக்கப்பட்டது என்று. முருகா என்று சொல்லி அடுத்த வேலையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்து, "அக்கா, பார்சல் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் இருப்பது நாலு வீடு உள்ள ஒரு காம்பவுண்டு. மூன்று வீட்டிலும் கேட்டாளாம். பார்சல் எதுவும் வரவில்லை என்றார்களாம். நான் அப்போது செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. எனக்கு வந்த மெசேஜை அப்படியே அவளுக்கு அனுப்பி, "டெலிவரி ஆயிட்டுன்னு வந்திருக்கேம்மா, அங்கன நல்லா விசாரிச்சுப் பாருங்க" என்று எழுதினேன். என் மேல் தப்பில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அந்த நேரத்தில் என் புத்தியில் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"அக்கா, நான் புடவையை உங்க கையிலதானே குடுத்தேன்."

கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால்கூட நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் தென்காசிக்கு ஓடினேன். அதே தம்பிதான் இருந்தார். "சிஸ்டத்துல டெலிவர்டுன்னு காட்டுதுக்கா. அதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்லை" என்றார். நான் அங்கிருந்து நகரவில்லை. பாவம், அவர் ராஜபாளையத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். கொண்டுபோனவருக்கு அன்றைக்கு நிறைய பார்சலாம். கையிலிருந்த தாளில் தெருவும் காம்பவுண்டு நம்பரும்தான் இருந்ததாம். பார்சலில் பேரும் போன் நம்பரும் நனைந்து படிக்க முடியாமல் போனதால், கேட்டைத் திறந்ததும் இருக்கிற முதல் வீட்டு நடையில் வைத்துவிட்டு வந்தாராம். அந்த முதல் வீட்டு அம்மாவோ, ஒரு பார்சலும் வரவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "ஏட்டி, நீ அனுப்பினதுக்குச் சீட்டு இருக்கு, போய்ச் சேந்ததுக்கு மெசேஜ் இருக்கு. பொறவு எதுக்குச் சாப்பிடாமக் கெடக்க?" என்றார். "வேற ஒரு பட்டு எடுத்துக் குடுப்போம்" என்றும் சொன்னார். "அவ அம்மா கட்டின பட்டு எந்தக் கடையிலங்க இருக்கு?" என்றேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அடுப்பில் வைத்ததெல்லாம் அடிபிடித்தது. மிஷினில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. வெள்ளிக்கிழமை மலையேறிப் போய் முருகன் முன்னால் நின்றேன். வழக்கமாக ஏதேதோ வேண்டுவேன். அன்றைக்கு அந்தப் புடவையை மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் போன் செய்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, பார்சல் மேல குங்குமம் ஏதும் வச்சீங்களா? மஞ்சக் கயிறு கட்டினீங்களா?"

"ஆமாம்மா. கல்யாணப் பார்சல்லா..."

"உள்ள எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

"வச்சேம்மா. கோயில் பழம்" என்றேன்.

நடந்தது இதுதான். முதல் வீட்டு அம்மாவின் மருமகளுக்கு ஏழு மாதம். புதன்கிழமை மதியம் கதவைத் திறந்தால், நடையில் மஞ்சள் கயிறு சுற்றிய ஒரு பொட்டலம். குங்குமம் நனைந்து, ரத்தம் மாதிரி நாலு பக்கமும் வழிந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் உள்ளே உருண்டையாக எலுமிச்சம்பழம் தட்டுப்படுகிறது. பேரில்லை. தென்காசி என்ற ஊர்ப் பெயர் மட்டும் தெரிகிறது. யாரோ தன் வீட்டுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா நடுங்கிப்போனார். பார்சல் வந்ததா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னதும் பொய்யல்ல. அவர் மனசில் அது பார்சலே இல்லையே! யாரிடமோ குறி கேட்டதற்கு, வந்த திசைக்கே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டுத் தலைமுழுகி வரச் சொன்னார்களாம். அதனால் சனிக்கிழமை விடியற்காலையில் தெருக்காரர்களோடு வேன் ஏறித் தென்காசியை ஒட்டிய குற்றாலத்துக்குப் புறப்பட்டுவிட்டார். வீட்டில் இருந்த மருமகள்தான் மனசு கேட்காமல் இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவின் போனோ வீட்டில் சார்ஜில் கிடக்கிறது.

"அக்கா, இந்நேரம் தண்ணியில விட்டிருப்பாங்களா அக்கா?" என்று அவள் அழுதாள்.

என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் லோடு ஆட்டோவைக் கிளப்பினார். செங்கோட்டை வழியாகப் போனோம். எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகக் கூரியர்காரரைக் குற்றம் சொன்னேன், முகம் தெரியாத அந்த அம்மாவைத் திருடி என்றுகூட மனசுக்குள் நினைத்தேன். பேரை அழித்தது என் மஞ்சள். பயமுறுத்தியது என் குங்குமம். கவர் போடவா என்று கேட்டவரைத் தடுத்தது என் வாய்.

குற்றாலத்தில் சனிக்கிழமைக் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தருவியா, பழைய குற்றாலமா, பேரருவியா, எங்கே என்று தேடுவது? "கோயில் பக்கத்துல இருக்கிற தண்ணிக்குத்தான் வருவாங்க" என்று சொல்லிப் பேரருவிக்கே விடச் சொன்னேன். அவர் வேன் நிற்கிற இடத்துக்குப் போனார். அந்தப் பெண் போனில் அனுப்பிய, மருமகள் வளைகாப்பில் அந்த அம்மா நிற்கிற போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசையில் ஒவ்வொரு ஈர முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லா முகமும் ஒன்றுபோலவே இருந்தது. அருவிச் சத்தத்தில் நான் கேட்பது எனக்கே கேட்கவில்லை.

பாலத்துக்குக் கீழே, ஜனங்கள் விட்டுவிட்டுப் போன ஈரத்துணிகளைத் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா நீளக் கம்பியால் இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார். அந்தக் குவியலிடம் ஓடினேன். அரக்கு நிறத்தில் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து இரண்டு கையாலும் கிளறினேன்.

"ஏம்மா, என்னத்தைக் கெளறுத? கண்ணாடிச் சில்லு கெடக்கும், கையைக் கிழிச்சிரும்" என்று சத்தம் போட்டார். மஞ்சள் கயிறு, குங்குமம் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"அதுவா! ஒரு அம்மா கண்ணை மூடிக்கிட்டு வீசப் போச்சு. கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். உங்க பீடையெல்லாம் இங்கன விட்டுட்டுப் போயிருதீய, தெனமும் அள்ளுதவ நான்லா, எனக்குப் புள்ளகுட்டி இல்லையான்னு கேட்டேன். பேசாமத் திரும்பிப் போயிட்டு. அந்தா, பஜ்ஜிக் கடை ஓரத்துல உக்காந்திருக்கு பாரு."

அந்த அக்காவின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு ஓடினேன். கடை ஓரத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். இன்னும் குளிக்கவில்லை. நாலு அடி தள்ளி, தொடப் பயந்து வைத்தது போல ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் என் பார்சல்.

நான் தரையில் உட்கார்ந்து, நான் யார், அது என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என்னையே வெறித்துப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்ததோ கோபம்.

"ஏத்தா, பேரு இருக்கிற எடத்துல பொட்டு வச்சு அனுப்பியிருக்கியே, நல்லா இருப்பியா நீ? மூணு நாளா நான் ஒரு வாய் சோறு திங்கலை. என் மருமகளைப் படி தாண்ட விடலை. ராத்திரி அவ புரண்டு படுத்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிருவேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அழுகிற உரிமை எனக்கில்லை என்று தோன்றியது. அவர் காலைத் தொட்டேன். அவர் நகர்த்திக்கொண்டார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அந்த அம்மா இன்னும் வாளிப் பக்கம் வராததைப் பார்த்து, கயிற்றை அவிழ்த்து, உள்ளே இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். தோல் கொஞ்சம் வாடியிருந்தது. பக்கத்துக் கடையில் கொடுத்துப் பிழிந்து சோடா போடச் சொன்னார்.

"இந்தா குடிக்கேன் மதினி. கோயில் பழத்துச் சோடா. எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா நம்புங்க. ஆச்சுன்னா, இவ கையால சாப்பிட்டுச் சாப்பிட்டு இருவது வருசமா ஆகாததா இனிமே ஆயிரப் போவுது?" என்று ஒரே மடக்கில் குடித்தார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுது தீர்த்தார். பிறகு அவரே பக்கத்தில் வந்து பார்சலுக்குள் பார்த்தார். புடவை ஒரு பொட்டு நனையவில்லை. விரலால் ஜரிகையைத் தொட்டு, "அவ அம்மா புடவையா? ஐயோ, நான் ஆத்துல விட இருந்தேனே" என்றார். விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் நெற்றியில் இட்டுக்கொண்டு, மருமகளுக்கென்று மிச்சத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

இனி எவர் கையிலும் கொடுப்பதில்லை, நானே ராஜபாளையம் போய்ப் புடவையைக் கொடுப்பது என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் அந்த அம்மா, "நான் கொண்டுபோய் அவ கையில குடுக்கேன்த்தா. எங்க வாசலுக்கு வந்த பொருள்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் மனசு வரவில்லை. அவர் அதைப் புரிந்துகொண்டும் நீட்டிய கையை மடக்கவில்லை. பார்சலைக் கொடுத்தேன். ராஜபாளையத்திலிருந்து போன் வருகிறவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "அக்கா, வந்திருச்சு. மடியில வச்சிருக்கேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அந்தப் புடவையில் அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாய் ஸ்தானத்தில் நின்று தலைப்பைச் சரிசெய்தது, குற்றாலத்தில் என்னைத் திட்டிய அதே அம்மாதான்.

இப்போதும் ஒவ்வொரு பார்சலையும் முருகனிடம் காட்டிய பிறகே அனுப்புகிறேன். விபூதியை உள்ளே வைத்து, இது யார் யாருக்கு அனுப்பியது என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டும் வைத்து, மேலே கவர் போட்டுத்தான் கொடுக்கிறேன். ஒப்படைக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தால் மகிழ்ச்சிதான். ஆனாலும் வாங்கியவர் குரலை என் காதால் கேட்கிறவரை அந்தப் பார்சல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறேன்.