நத்தார் சகன்

இருபத்தேழு ஆண்டுகள் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முதல்நாள் காலையில், சுபஹ் தொழுகை முடிந்ததும் நான் போன இடம் ஒன்றுதான். கத்தியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, மழையென்றால் தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கல்முனையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் என் நண்பனின் வீட்டுக்குப் போவேன். அவன் கத்தோலிக்கன். இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். நான் கணிதம், அவன் ஆங்கிலம். அவன் வீட்டுக் கிணற்றடியில் கோழிகள் கால் கட்டப்பட்டுக் கிடக்கும். அவன் பிடிப்பான். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்பேன்.

மறுநாள் அவன் வீட்டுக்கு வரும் முஸ்லிம்கள் கூச்சமில்லாமல் உண்ண வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. எங்களுக்கென்று தனிப் பானை வைக்க அவன் மனைவிக்கு மனமில்லை. ஒரு வீட்டில் இரண்டு உலை எதற்கு என்று கேட்டார். அதனால் அந்த வீட்டில் நத்தாருக்கு வெந்த இறைச்சி எல்லாம் என் கையால் அறுத்ததாகவே இருந்தது. முதல் ஆண்டு மட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு அவனே கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கோழியை நாங்கள் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வான். நான் சற்றுக் கோணலாக நின்றால், "மச்சான், கொஞ்சம் அங்கால திரும்பு" என்று எனக்கே திருத்தம் சொல்வான்.

டிசம்பர் பிறந்தால் அந்த வீட்டில் எங்களுக்கு வேலை இருக்கும். பாலன் குடிலுக்குப் பச்சை வயல் வேண்டும் என்று என்னிடம் இரண்டு கை விதைநெல் வாங்கிப் பழைய மீன் டின்களில் முளைக்கப் போடுவான். பெத்லகேமில் ஏது வயல் என்று ஒரு முறை கேட்டேன். கல்முனையில் பிறந்திருந்தால் வரம்போரத்தில்தான் பிறந்திருப்பார் என்றான். அவனுடைய பிள்ளைகளும் என்னுடைய பிள்ளைகளும் மூங்கில் கீற்றில் நட்சத்திரம் கட்டி, கலர்த்தாள் ஒட்டிப் பூவரச மரத்தில் ஏற்றுவார்கள். கரோல் பாடுகிறவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் நின்று, இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். எங்களுக்கு வரும் கேக்கில் பிராந்தி இருக்காது. அதற்கென்று அவன் மனைவி தனியாக மாவு அடிப்பார்.

நத்தார் அன்று பகல் சாப்பாடு சகனில். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் அந்தப் பெரிய தட்டு அவர்களிடம் இல்லை. என் மனைவி தன்னுடைய இரண்டு சகன்களையும் முதல்நாளே கொடுத்து விடுவாள். சகனில் வீட்டுக்காரன் செய்யும் மரியாதை ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் இறைச்சியைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிவிட வேண்டும். அதை எங்களிடமிருந்து கற்று எங்களை விட நன்றாகச் செய்தான் அவன். தன் பக்கம் எலும்புதான் மிஞ்சும். சகன்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்போது கொக்கீஸோ, பயத்தம் பணியாரமோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ இருக்கும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இந்தக் கரையில் எந்தச் சாதிசனத்துக்கும் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு என் பெயரையும் சொல்லியிருந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. நத்தார் வீட்டுக்குப் போகாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று நான்தான் பயந்தேன். முதல்நாள் காலை நான் போகவில்லை. அவன் தொலைபேசியில் அழைத்தபோது, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி மனைவியிடம் கையால் காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் அப்படியே சொன்னாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, சந்தையில் கோழிக்கடை வைத்திருப்பவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒங்கட கூட்டாளி சேர் வந்து பாடம் எடுத்திட்டுப் போறாரு. பிஸ்மி சொல்லித்தான் அறுக்கியா எண்டு ரெண்டு தரம் கேட்டாரு. கிப்லா இந்தப் பக்கம் எண்டு எனக்கே காட்டினாரு. பக்கத்தில நிண்டு எல்லாத்தையும் அறுப்பிச்சிக் கொண்டு போறாரு."

ஆக, எனக்குத் தெரியும். அந்தக் கோழிகளில் ஒரு குறையும் இல்லை என்று நத்தாருக்கு முதல்நாளே தெரியும்.

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். வாசலிலேயே, காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பாய் விரித்து, சகன் வைத்து, கை கழுவத் தண்ணீரும் வந்துவிட்டது. முஸ்லிம் ஆசிரியர்கள் நாங்கள் நால்வர், அவன், அவன் தம்பி. எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற அதிபர், என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதானே அறுத்த?"

"இந்த முறை நான் அறுக்கல்ல" என்றேன்.

அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை. கடையில் முறைப்படி அறுத்தது, எனக்குத் தெரியும் என்று இன்னும் ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் விட்டேன். நான் ஹலால் விஷயத்தில் பேணுதலான மனிதன் என்று அந்த மூவரும் பள்ளிவாசலில் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தார்கள். அதிபருக்குத் திடீரென்று யாரோ இறந்த ஜனாஸா வீடு ஒன்று ஞாபகம் வந்தது. மற்றவருக்கு வயிறு சரியில்லை. மூன்றாமவர் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பினார். நானும் எழும்பினேன். அவன் சகனுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தான். கடைக்குப் போய் அறுப்பித்ததாக அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசுவேன் என்று காத்திருந்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்று அவனுக்கு, எனக்குத் தெரியும் என்பது தெரியாது.

அடுத்த நாள் கடல் வந்த நாள், சுனாமி நினைவு நாள். ஊரே இறந்தவர்களுக்கான துஆப் பிரார்த்தனைகளில் இருந்தது. அதற்கும் மறுநாள் அவன் கோழிக்கடைக்குப் போய், அறுத்ததில் ஏதும் பிழை நடந்ததா என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர், அன்றைக்கே ஒங்கட கூட்டாளியிடம் எல்லாம் சொன்னேனே என்றிருக்கிறார். அன்று பகல் சகன்கள் வந்தன. அவனே கொண்டுவந்தான். கழுவி, துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து. என் மனைவி வாங்கி மேல் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். கீழ்த் தட்டையும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"வாறன் சேர்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அதுவரை நான் அவனுக்குச் சேர் இல்லை.

சபையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு காரியமாவது இப்போது ஞாபகத்தில் இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் தட்டு அன்றைக்கே கழுவித் துடைத்து வெறுமையாக வந்தது.

மார்க்கம் தெரிந்தவன் நான். தொழுகையில் விட்ட குறையை அல்லாஹ் மன்னிப்பான். ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அவன் முஸ்லிமா இல்லையா என்ற கேள்வி அதில் இல்லை. இதைப் பிறருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும், பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்று ஏழு ஆண்டுகளைப் போகவிட்டேன். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அவனுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போய்விட்டது. காது கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது என்றார் வைத்தியர். வாய் இருந்தபோது நான் கேட்கவில்லை. இப்போது கேட்டால் அவன் எதால் சொல்வான்? மூன்று தரம் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து மாப்புக் கேட்டேன். மூன்று தரமும் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன நத்தாருக்கு இரண்டு நாள் முன் நான்காவது முறையாகப் போனேன். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அவன் மகள் விறாந்தையில் நட்சத்திரத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். குடிலில் நெல் முளைத்திருந்தது. யாருடைய நெல் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இந்த முறை ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோயிருந்தேன். இடது கையால் ஒரு கோடு கீறினாலும் போதும் என்று கெஞ்சினேன். பேனையை வாங்கினான். அதன் மூடியைக் கழற்றப் பார்த்து, பிறகு அப்படியே மடியில் வைத்துவிட்டான்.

வெளியே வந்தபோது அவன் மனைவி வாசல்வரை கூட வந்தார். எட்டு ஆண்டுகளில் அதைப் பற்றி அவர் பேசியது அன்றுதான்.

"சேர், நீங்க திரும்பத் திரும்ப இவரிட்ட வந்து கேக்கிறீங்க. இவருக்குத் தெரியாததா? அண்டைக்குச் சகன விட்டு எழும்பிப் போன ஆக்கள் இன்னும் இவர் தங்களை ஏமாத்தினவர் எண்டுதானே நினைச்சிட்டு இருக்கினம். அவங்களிட்ட ஒரு நாளாவது போனீங்களா?"

போகவில்லை. யோசிக்கவும் இல்லை. என் மன்னிப்பைப் பற்றித்தான் நினைத்தேன். அவன் பெயரைப் பற்றி நினைக்கவில்லை.

அந்த மூவரில் அதிபர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். இன்னொருவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். இதையெல்லாம் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று சிரித்துவிட்டுப் பேரப்பிள்ளையின் கதைக்குப் போய்விட்டார். மற்றவர், ஈரக்கையோடு எழும்பியவர், சாய்ந்தமருதில் இருக்கிறார். மறுநாள் காலை, கத்தியோடு சைக்கிளில் போக வேண்டிய அந்த நேரத்தில், முச்சக்கர வண்டி பிடித்து அவரிடம் போனேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கடையில அறுத்த எண்டு ஒங்களுக்கு முதலே தெரியும்?"

"ஓம்."

"தெரிஞ்சி கொண்டுதான் நான் அறுக்கல்ல எண்டு சொன்ன?"

"ஓம்."

அவர் கண்ணாடியை மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த மனிசன ரோட்டில கண்டா நான் மத்தப் பக்கத்தால போற, சேர். எட்டு வருசமா. நம்மளுக்கு ஹராமான சாப்பாட்டத் தீத்தப் பாத்தவன் எண்டு என்ட புள்ளைகளுக்கும் சொல்லி வெச்சிரிக்கன்." பிறகு கேட்டார்: "மௌத்தானவருக்கு நீங்க எங்க போய்ச் சொல்லுவீங்க?"

நாளை நத்தாருக்கு அவன் வீட்டுக்கு வாருங்கள் என்று கேட்டேன். அவர் நத்தாருக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே நண்பன் வீட்டுக்குப் போனேன். இரண்டு கோழியாவது அறுத்துத் தருகிறேன் என்றேன். கடையில் அறுப்பித்தாயிற்று, அதே கடைதான் என்றார் அவன் மனைவி. நான் காலையிலேயே முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்த ஒரு சகனை மட்டும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

நத்தார் அன்று மழை. பகல் ஒரு மணிக்குச் சாய்ந்தமருதுக்காரர் வந்தார், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. நேரே நண்பனின் நாற்காலிக்கு முன் போய் நின்று, செயலற்ற அந்த வலது கையைத் தூக்கிப் பிடித்தார்.

"சேர், அண்டைக்கு ஒங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்காம எழும்பினது எங்கட பிழை. எனக்கு நேத்துத்தான் தெரியும்."

என் நண்பனின் முகத்தில் ஒரு பாதிதான் அசைந்தது. மற்றப் பாதி அசையாது.

நாற்காலிக்கு முன்னால் ஸ்டூல் போட்டுச் சகனை அதன்மேல் வைத்தார்கள். ஆறு பேர் சகனில் நாங்கள் மூன்று கிழவர்கள். அவனுக்கு உள்ளே கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரனாக மட்டும் இருந்தான். இடது கையை நீட்டினான், பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பிறர் உண்ணும் தட்டில் இடக்கையை வைக்க அவனுக்கு வெட்கம். அதைக் கண்டு சாய்ந்தமருதுக்காரர் சொன்னார்:

"எந்தக் கையெண்டாலும் தள்ளுங்க சேர். எட்டு வருசப் பசி."

மகள் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். கரண்டியால் நடுவிலிருந்த கோழித் தொடையை அவர் பக்கம் தள்ளினான். பாதி வழியில் நழுவியது. மறுபடியும் தள்ளினான். பிறகு ஈரலை. பிறகு நெஞ்சுத் துண்டை. பிறகு கரண்டியைச் சகனின் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டான்.

என் பக்கம் சோறு மட்டும் இருந்தது. அதை உண்டேன். கையை நீட்டி ஒரு துண்டை எடுத்திருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். எடுக்கவில்லை. நெய்யும் ஏலமும் அதே கைப்பக்குவம். என் பக்கத்தைத் துடைத்துண்டேன்.

புறப்படும்போது வழக்கம்போல் சகனை எடுக்கக் குனிந்தேன்.

"அது கிடக்கட்டும் சேர், கழுவி அனுப்புறம்" என்றார் அவன் மனைவி. அவன் என்னைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரமாகிவிட்டது. சகன் இன்னும் வரவில்லை. வாசல் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனைவிக்கு முன் நான் எழும்பிப் போகிறேன். அவன் உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிறதென்று சொல்கிறார்கள். எனக்கும் நெஞ்சில் நோவு இருக்கிறது. அதிபரை அடக்கிய கப்றுக்கு இரண்டு தரம் போய்வந்தேன். அங்கே நின்று சொல்லி ஆவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் தன் வாழ்நாளில் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பாரோ, அந்த ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை எழுதவில்லை, நம்மட ஊர் ஆட்களுக்கு யார் யார் என்று விளங்கும். அந்த வீட்டில் எங்களுக்கு வைத்த சோறு எல்லாம் ஹலாலான சோறு. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.