இரண்டு இடது இறக்கைகள்

பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பதும் மழைக்கு ஒதுங்குவதும் எப்போதும் சேர்ந்தே வரும். போன வாரம் அப்படி நான் ஒதுங்கியபோது, முஸ்லிம் நானாவின் மளிகைக் கடையில் யாருக்கோ விளக்கெண்ணெய் அளந்துகொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வயதான ஆள் விளக்கெண்ணெய்க்குச் சிரித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அண்ணாந்து பார்த்தேன். பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்த தட்டுப் பலகையில், வெளிறிய பச்சைப் பூச்சுக்கு அடியில், வட்ட வட்டமாக மஞ்சள் அடைப்புகள் தெரிந்தன. நான் அடித்த பலாமர முளைகள் அவை. என் சிரிப்பு நின்றுவிட்டது.

விளக்கெண்ணெய் என்றால் உங்களுக்கு வயிற்றுவலி நினைவு வரும். எனக்கு ஆகாய விமானம். அந்தக் காலத்து விமான இஞ்சின் விளக்கெண்ணெயைக் குடித்துத்தான் ஓடும். பெரிய சண்டைக்கு முந்திய வருஷங்களில், பதுளைக்கும் பசறைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தச்சனாக இருந்தேன். மற்றத் தோட்டத்துத் துரைமாருக்குக் குதிரை, குடி என்று மரியாதையான பைத்தியங்கள் இருந்தன. எங்கள் துரைக்கு விமானம் கட்டும் பைத்தியம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் பாதியைக் காலி செய்து, சீமையிலிருந்து பலகையும் படமும் வரவழைத்து, துளை போடும் துறப்பணத்தைத் தானே கையில் எடுத்தார். குரங்கு கையில் கொள்ளிக்கட்டையைக் கொடுத்திருந்தாலும் எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

இறக்கை ஒவ்வொன்றுக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளப் பலகை உண்டு. அதன் அடிப்பக்கத்தில் துளை போட்டு, போல்ட் முடுக்கி, விமானத்தின் உடம்போடு சேர்க்க வேண்டும். இடது இறக்கைப் பலகையில் துரை சரிவாகத் துளைகளைப் போட்டார். சுமாராக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வலது இறக்கைப் பலகையையும் பக்கத்தில் அதே மாதிரி கிடத்தி, அதே சரிவில் துளைத்துவிட்டார். இரண்டு காலுக்கும் இடது செருப்பே தைத்த கதைதான். பலகையைத் திருப்பிப் போட்டார். மேல் விளிம்பு கீழே போயிற்று. தலைமாற்றிப் போட்டார், தடித்த முனை இறக்கை நுனிக்குப் போயிற்று. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்கள் மாதிரி இதுவும் அதட்டினால் திரும்பும் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் பலகையைத் திட்டினார்.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை போட்டார். துறப்பணம் வழுக்கிப் பழைய பள்ளத்துக்குள்ளேயே விழுந்தது. துளை நீள்வட்டமாகிவிட்டது. அதைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போட்டார்; விளிம்புக்கு அருகில் நார் பிளந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னார். நான் பலாவில் முளை சீவி, வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி அடித்து இழைத்தேன். வச்சிர நாற்றம் கையை விட்டுப் போகாமல் பல நாள் சோறே இறங்கவில்லை. ஆனாலும் முளைகள் அழகாக உட்கார்ந்துவிட்டன, அதில் எனக்கு ஒரு கர்வம். பிணத்துக்குப் பொட்டு வைத்த கர்வம்தான்.

துரையிடம் சொல்லாமல் இல்லை. "இது தாங்காதுங்க தொரை, புதுப் பலகை போடணும்" என்றேன். புதுப் பலகை சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதற்குள் பக்கத்துத் துரைமாரையும் அவர்களுடைய துரைசாணிமாரையும் வேடிக்கைக்கு அழைத்தாகிவிட்டது. எங்கள் துரைக்குத் தெரிந்த தமிழெல்லாம் போ, வா, வெட்டு, கட்டு என்கிற ஏவல்தான். அதில் ஒன்றைப் பொறுக்கி, "பச்சை பூசு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பலகை முழுக்க இருந்த துளையைச் சாயத்தில் மறைத்தது அவர் ஒருவர்தான்.

இதில் அவரே ஏறியிருந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனால் துரையின் தொப்பையைச் சுமந்து அது பத்தனைப் புல்வெளியில் ஓடியதே தவிர, எழும்பவில்லை. அதனால் தோட்டத்திலேயே எடை குறைந்த ஆளாகத் தேடினார். அகப்பட்டவன் வீரய்யா, என் தங்கச்சி பூவாயியின் புருஷன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, கம்பியை நேராகப் பிடித்தால் போதும், இறங்கி வந்ததும் கங்காணியாக்குகிறேன் என்று துரை சொன்னாராம். அந்த மடையன் துரை கொடுத்த தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் உலாத்தினான். வெயிலில் தலை அவிந்தாலும் கழற்றவில்லை. முளையைப் பற்றி நான் சொன்னபோது, "ஒனக்குப் பொறாமை மச்சான்" என்றான்.

பூவாயி மட்டும் என்னிடம் கேட்டாள். பீலியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள்.

"அண்ணே, அது தாங்குமா?"

"தாங்காது."

"எந்த எடத்துல முறியும்?"

வலது இறக்கை உடம்போடு சேருகிற இடத்தைக் கையால் காட்டிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வேடிக்கை நாள் காலையில் பத்தனையில் குடையும் தொப்பியுமாகச் சீமைக் கூட்டம். விளக்கெண்ணெய்ப் புகை. வீரய்யா தோல் தொப்பியோடு மேலே உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அத்தனை களை இல்லை. புது வண்டிக்குப் பூசை போடாமல் விடலாமா? பெரிய கங்காணி மாலை போட்டு, சூடம் கொளுத்தி, தேங்காயைக் கையில் எடுத்தார். பூவாயி கூட்டத்திலிருந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கினாள் என்பதுதான் சரி. பொம்பளை தேங்காய் உடைக்கலாமா என்று கங்காணி வாயைத் திறப்பதற்குள், இரண்டு கையாலும் ஓங்கி, நான் சொன்ன இடத்தில் அடித்தாள்.

தேங்காய் உடையவில்லை. பலகை உடைந்தது. இறக்கை மெதுவாகத் தரையில் சாய்ந்தது.

ஒரு தேங்காய்க்கு முறிகிற இறக்கை காற்றில் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க, அங்கே நின்ற அத்தனை படித்த தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. காட்டுமிராண்டிகளின் பூசை நல்ல மிஷினைக் கெடுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் துரையும் கடைசி வரைக்கும் தேங்காயைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானமே வீரய்யாவுக்கும் பூவாயிக்கும் தோட்டத்திலிருந்து பேர் வெட்டினார்கள். சட்டிபானையோடு, முறிந்த பலகைத் துண்டையும் வீரய்யா தோளில் தூக்கிக்கொண்டு போனான். பெரகலச் சந்திக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. கங்காணி உத்தியோகத்தைக் கெடுத்தவள் என்று ஒரு மழைக்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை.

பிறகு பேசினான். ஊருக்கெல்லாம் பேசினான். எல்லக் கணவாய் வரைக்கும் பறந்து திரும்பியதாகவும், மேலேயிருந்து பார்த்தால் துரை பங்களா நெருப்புப்பெட்டி மாதிரி இருந்ததாகவும் இந்த நானா கடை வாசலில் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறான். பொய்யர்களை எனக்கு ஆகவே ஆகாது. ஒரு தடவை எல்லார் முன்னாலும் கதையைக் கிழிக்கலாம் என்று வந்தேன். பூவாயி என்னைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

போன மாதம் வீரய்யா காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் பலகையைப் பூவாயிதான் நானாவிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். துரை எப்போதோ சீமைக்குப் போய்விட்டார். பத்தனை முழுக்க இப்போது தேயிலை. மாடியில் பழையபடி கொழுந்துதான் வாடுகிறது. அங்கே ஒரு விமானம் நின்றது என்று சொல்ல ஆளில்லை.

நானா என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"தச்சுபாஸ், நீங்கதானே அந்த மிஷின் வேலை செஞ்சது? நெசமாவே பறந்தாரா வீரய்யா?"

அண்ணாந்து பார்த்தேன். என் முளையிலிருந்துதான் வெடிப்பு தொடங்கியிருந்தது, கோடு போட்ட மாதிரி. துரையின் மடத்தனம், வீரய்யாவின் தொப்பி, என் கர்வம் எல்லாம் அந்தக் கோட்டில் இருந்தன. சொல்லியிருக்கலாம்.

"பூவாயி என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"கண்ணால பாத்தேன்னு சொல்லுது."

"அப்ப பறந்தான்" என்றேன்.