எங்கள் ஜெர்மன் ரத்தம்

இந்த ஜெர்மனி நாட்டில் வாசல் மணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் குடும்பப் பெயரை எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் கதவு எண் போதும். அதுவும் இல்லையென்றால், ‘தலைமையாசிரியர் வீடு’ என்று தாம்பரம் ஸ்டேஷனில் சொன்னால் ரிக்‌ஷாக்காரரே கொண்டுவந்து விட்டுவிடுவார். இங்கே பெயர்தான் எல்லாம். என் மணியில் ‘லிண்டனர்’ என்று இருக்கிறது; ஆண்களை அதோடு ‘ஹெர்’ என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுவார்கள். புதிய தபால்காரர் யாராவது வந்தால் மணியடிப்பார், கதவைத் திறக்கும் என் கறுத்த முகத்தைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், பிறகு “ஹெர் லிண்டனர் வீட்டில் இல்லையா?” என்று என்னிடமே கேட்பார். “நான்தான்” என்பேன். “சரி, அவர் எப்போது வருவார்?” என்பார்.

இந்தப் பெயரை எனக்குக் கொடுத்தவர் அந்தத் தலைமையாசிரியர், என் அப்பா. அவருக்கு அவருடைய அப்பா. எங்கள் வம்சத்தின் முதல் மனிதர் ஜெர்மனியிலிருந்து வந்த லிண்டனர் பாதிரியார் என்றும், அவர் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நம் ஊரிலேயே தங்கிவிட்டார் என்றும் அப்பா சொல்லுவார். சாட்சி? பெயர் இருக்கிறதே. அப்புறம், எவளோ ஒரு அத்தைக்குப் பூனைக்கண்ணாம். போதாதா? சித்திரை வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். இட்லியை முள்கரண்டியால் குத்துவார். நாங்கள் கறுப்பாகப் பிறந்ததற்கு அம்மாவைக் குறை சொல்வார். அவர் நிறம் மட்டும் என்ன, எங்களைவிட ஒரு பிடி கூடுதல்தான்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அறுபதுகளின் நடுவில் எமிலி அக்காவைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஜெபராஜ், அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வீடு. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது என்பது அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஜெபராஜின் அண்ணன், பயிர் வைத்துப் பிழைக்கிற மனிதர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார்: “சார், நாங்களும் ஞானஸ்நானம் வாங்குனவங்கதான் சார். தம்பி நல்லா படிச்சிக்கீறான். இன்னா கொறைன்னு சொல்லுங்க.”

“கொறை உங்க மேல இல்லப்பா. எங்களுது ஜெர்மன் ரத்தம். அதக் கலக்கக் கூடாது.”

கலந்து வந்ததாக அவரே பெருமையடித்துக்கொள்ளும் ரத்தம்! அதைக் கலக்கக் கூடாதாம்! காப்பித் தட்டோடு வந்த அக்கா கதவருகில் அப்படியே நின்றாள். அந்தக் காப்பியை யாரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வரனும் அப்பாவுக்குச் சரிப்படவில்லை. ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எங்களை மதிக்கவில்லை; நம் ஜனங்களை அப்பா மதிக்கவில்லை. நடுவில் அக்காவின் தலை நரைத்தது. ஜெபராஜ் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு மாற்றல் வாங்கிப் போய்விட்டார்.

தொழிற்சாலை வேலைக்காக நான் ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது அப்பா சொன்னார்: “நீ வெளிநாட்டுக்குப் போகலடா. சொந்த ஊருக்குப் போற. நம்ம ஆளுங்களத் தேடிப் பாரு.” வம்சக் கதையோடு ஓர் ஊரின் பெயரும் தலைமுறை தலைமுறையாக வந்திருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அந்த ஊர் மக்கள் எனக்குத் தீங்கு செய்யவில்லை. இரண்டு பஸ் மாறி அங்கே போனேன். லிண்டனர் வீடு உண்மையாகவே இருந்தது. தனியாக இருந்த கிழவி, திருமதி லிண்டனர், என் பெயரைக் கேட்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்தியாவிலிருந்தா? எங்கள் பிள்ளை!” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா சொன்னது நிஜம்தானோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

“இந்தியா வந்த பாதிரியாரின் கல்லறை எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. அவர்கள் வீட்டில் பாதிரியாரே கிடையாதாம். எல்லோரும் ரொட்டி சுடுகிறவர்கள். கடலைப் பார்த்தவர்கள்கூட இல்லையாம். கேக்கை வெட்டிக்கொண்டே விளக்கினாள். அவளுடைய பாட்டி காலத்தில் இந்தியாவில் இருந்த மிஷனுக்கு வருஷாவருஷம் காணிக்கை அனுப்பும் குடும்பத்தின் பெயரை, அங்கே எடுத்து வளர்க்கும் ஓர் அநாதைப் பிள்ளைக்கு வைப்பார்கள். பாட்டி சாகும்வரை அந்தப் பிள்ளைக்காக ஜெபம் செய்தாளாம். “நன்றி சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்று கண் கலங்கினாள்.

பிறகு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கதவோரம் ஒரு பழைய காணிக்கைப் பெட்டி. அதன் மேல் மண்டியிட்டுக் கை கூப்பிய ஒரு கறுப்புப் பிள்ளை, மரத்தில் செய்தது. அவள் காசு போட்டாள். அந்தப் பிள்ளையின் தலை நன்றி சொல்வதுபோல் மேலும் கீழும் ஆடியது. சின்ன வயதில் இதைப் பார்ப்பதற்காகவே காசு கேட்டு அழுவாளாம். “நீங்களும் போடுங்கள்” என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன். அந்த அநாதைக்கு ஒரு தாய் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பாளே, அது எங்கே போயிற்று? ரொட்டிக் கடைக்காரனின் பெயரை அவன் தலையில் ஒட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம். அதைக் கிரீடமாக்கி, ஏரிக்கரை மனிதனை வெறுங்கையோடு அனுப்பிய எங்கள் மேல் அதைவிடக் கோபம்.

லீவில் தாம்பரம் வந்தபோது முன்னறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“அப்போ ஜெபராஜ் வீட்டுக்கும் நமக்கும் என்னப்பா வித்தியாசம்?”

அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் கேட்டார்: “இருந்தாலும், அந்த அம்மா ‘எங்க பிள்ளை’ன்னு சொன்னாங்க இல்ல?”

“சொன்னாங்க.”

“கேக் குடுத்தாங்க இல்ல?”

“குடுத்தாங்க.”

அப்பாவின் தலை மேலும் கீழும் ஆடியது. அவரை நான் அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கா சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், பையன் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்ததாக அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “கேக் குடுத்தாங்களாமே தம்பி?” என்று கேட்டவர்களிடம், “காணிக்கைப் பிள்ளைக்குக் குடுத்தாங்க” என்றேன். யாருக்கும் விளங்கவில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த அன்றே மணிப் பலகையைக் கழற்றினேன். அந்த இடத்தில் எழுத எனக்கு வேறு பெயர் இல்லை, வெறுமையாக விட்டேன். அக்காவிடமிருந்து கடிதம் வரவில்லை. கோபம் என் மேலும்தானோ என்று கலங்கிப் போயிருந்தேன். பிறகு தபால் நிலையத்தில் சொன்னார்கள்: பெயரில்லாத கதவுக்குத் தபால் கொடுக்க முடியாது, வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அக்கா எனக்கு எழுதியது அக்காவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பலகையைத் திரும்ப மாட்டினேன். இன்று காலை மணி அடித்தது. கையில் தாம்பரம் முத்திரை குத்திய கடிதத்தோடு ஒரு புதிய தபால்காரர். உறையில் அக்காவின் குண்டு குண்டான எழுத்து. அவர் என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “ஹெர் லிண்டனர் இருக்கிறாரா?”

“இருக்கிறார்” என்று சொல்லிக் கையை நீட்டினேன்.