எல்லைக்கல்லுக்கு இங்கிட்டு

சேவுகன் என்ற பெயரைக் கண்ணாத்தாள் முதன்முதலில் கேட்டது ஆவரங்களத்தில், அயித்தை வீட்டுக் காதுகுத்தில். அவள் அப்பனோடு கூடப் பிறந்த பெண்கள் மூன்று பேர். மூத்தவள் குடுமியான்மலைக்கு வாக்கப்பட்டாள், இளையவளை உள்ளூர் வல்லத்திராக்கோட்டையிலேயே கொடுத்தார்கள், நடுவுள்ளவள்தான் திருமயம் சாலையில் இருக்கிற ஆவரங்களத்துக்குப் போனவள். சமஸ்தானம் போய் ஊரெல்லாம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்திருந்தார். ஊருக்கு வெளியே அரிசி மில்லின் சங்கு ஊதியது.

"சேவுகன் ஊதிட்டான், மணி ஏழு. குத்துங்க ஆசாரி," என்றாள் அயித்தை.

ஊரில் கடிகாரம் இருந்த வீடு இரண்டோ மூன்றோதான். மற்றவர்கள் அடுப்புப் பற்றவைப்பதும் மாட்டை அவிழ்ப்பதும் அந்தச் சங்குக்குத்தான்.

"யாரு அயித்தை அது?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"ஒங்க மாமாவுக்கு ஒன்னுவிட்ட அண்ணன் மகன். மில்லுல பாய்லருக்கு நெருப்புப் போடுறான். ஒனக்கு மொறதான்டி. கேட்டுச் சொல்லவா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குச் சொன்னது அடுத்த வைகாசியில் கல்யாணமாகி விட்டது. சீராக அவள் அப்பன் வல்லத்திராக்கோட்டையில் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு மா வயல் எழுதிக் கொடுத்தார்.

வாக்கப்பட்டு வந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் ஏழு மணிக்குச் சங்கு ஊதுகிறவன் நாலு மணிக்கே போய்விடுகிறான். உமியை அள்ளிப் போட்டுத் தண்ணீர் கொதித்து ஆவி கட்டினால்தான் ஏழு மணிக்கு வருகிறவர்கள் நெல் அவிக்க முடியும். ஐந்து மணிக்குச் சங்கு ஊதி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபின் சாம்பல் அள்ளி, ஊறல் தொட்டி கழுவி, மறுநாள் நெல்லை ஊறப் போட்டுவிட்டு அவன் கிளம்ப ஏழு ஆகிவிடும். கூலி மட்டும் ஏழிலிருந்து ஐந்து வரைக்கும். ஏழு வருஷம் அப்படியே போனது. அவன் அதைக் குறையாகச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "நெருப்பு நம்ம சொல்றப்பவா எரியும்," என்பான்.

ஏழாம் வருஷம் ஊரில் பெரியம்மை வந்தது. அவர்களுடைய ஒரே மகள் ராசாத்திக்கு அப்போது நாலு வயது. பதினோரு நாள் கிடந்து போனாள். அந்தச் சித்திரைத் திருவிழாவில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த எவனோ காப்பு அவிழ்க்குமுன் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்விட்டு வந்தான், அதனால் வந்த வினை என்று ஊரே பேசியது. சேவுகனும் அதை நம்பினான். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு நம்ப ஏதாவது வேண்டியிருந்தது. வைத்தியத்துக்கு வாங்கிய கடனுக்காக கண்ணாத்தாளுடைய ஒரு மா வயல் ஒத்திக்குப் போனது. ஒத்தி பிடித்தவர் அவள் அப்பனுக்குப் பங்காளி முறையான ஐயனார். அடுத்த ஆடி பதினெட்டுக்குள் மீட்காவிட்டால் கிரயம் எழுதிக் கொடுப்பது என்று பேச்சு.

அந்த வருஷம்தான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆத்மநாதனைச் சேவுகன் பார்த்தான். டவுனில் நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு தொழிலாளர் சங்கத்துக்கு எழுத்து வேலையும் செய்கிறவர்.

"ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரந்தான் சட்டம். அதுக்கு மேல பாத்தா மிச்ச நேரத்துக்கு ரெட்டைக் கூலி தரணும். ஒனக்குத் தெரியாதாப்பா?"

"எங்க ஊருக்கும் அந்தச் சட்டம் உண்டுங்களா?"

"ஒங்க ஊரு என்ன ஆகாசத்துலயா இருக்கு?"

ஐப்பசி மாதம் சேவுகன் மில் கணக்குப்பிள்ளை ரத்தினவேலிடம் போய் மெதுவாகக் கேட்டான். ரத்தினவேல் எழுதுவதை நிறுத்தவில்லை.

"சங்கு ஊதுறவனே நேரம் காணலைன்னு வந்து நிக்கிறான் பாரு. ஒன் கையிலதானப்பா கயிறு இருக்கு, சீக்கிரமா இழுத்துக்கறது."

அந்த ஐப்பசி இருபதோடு அவனை நிறுத்திவிட்டார்கள். பாக்கியைத் தை பிறந்ததும் பார்க்கலாம் என்றார்கள். தை பிறந்ததும் மாசி என்றார்கள். அவன் போய்ப் போய் மில் வாசலில் நின்றுவிட்டு வருவான். உள்ளே வேறொருவன் சங்கு ஊதினான், சில நாள் கால்மணி முந்தி, சில நாள் பிந்தி. சங்கு கேட்கும்போதெல்லாம் சேவுகன் தலையைத் தூக்கி, "ஆவி கம்மி," என்பான்.

பங்குனியில் ஆத்மநாதன் சொன்னார்: "வேலைய விட்டு ஆறு மாசத்துக்குள்ள மனுப் போடணும். ஒனக்குச் சித்திரை இருபது கடைசி நாள். மொதல்ல மொதலாளிக்கு ஒரு கடுதாசி போடுறேன், அதுக்குள்ள கொடுத்தா நல்லது. இல்லைன்னா திருச்சிக்கு நேர்ல போய் அதிகாரி முன்னால கைநாட்டு வச்சு ரசீது வாங்கணும். தபால்ல போட்டா வரலைன்னு சொல்லிருவான்."

கடிதம் போனது. அதில் சித்திரை இருபது என்று தெளிவாக எழுதியிருந்தது.

கடிதம் போய்ப் பத்து நாளில் ரத்தினவேல் அவர்கள் வீட்டுக்கே வந்தார். அந்த வாசலில் அவர் கால் பட்டது அதுதான் முதல் தடவை.

"சேவுகா, இந்த வருசம் திருவிழாவுல மில்லு சார்பா நீதான் காப்புக் கட்டிக்கணுமாம். மொதலாளி சொல்லிட்டாரு. காப்பு அவுத்த மறுநாள் ஒக்காந்து எல்லாக் கணக்கையும் முடிச்சுருவோம்."

மில் காப்பு என்றால் முதலாளி அடைக்கப்பன் கட்டுகிற காப்புக்கு அடுத்த காப்பு. சாமி புறப்படும்போது அவருக்குப் பின்னால் வேல் பிடித்து நடக்கிற மரியாதை. சேவுகன் வகையறாவில் மூன்று தலைமுறையில் யாருக்கும் கிடைத்ததில்லை. அவன் கைகட்டி நின்றான். கண் கலங்கியிருந்தது.

அவர் போனபின் கண்ணாத்தாள் கேட்டாள், "காப்பு என்னைக்குக் கட்டுறாக?"

"சித்திரை பதினஞ்சு. அவுக்கிறது இருபத்திமூணு."

"இருபதாந் தேதி நடுவுல வருதுல்ல?"

"அதான் அவுகளே தர்றேன்னுட்டாகளே. மனு என்னத்துக்கு?"

"தர்றவுக ஆறு மாசமா ஏன் தரலை? கட்டிக்கிட மாட்டேன்னு சொல்லிருங்க. காச்சல்னு சொல்லுங்க."

"ஆத்தாளுக்குக் கட்டுற காப்ப வேண்டாம்பாகளா? நம்ம வீட்டுல இன்னுமா படணும்?"

ராசாத்தி பெயரை அவன் சொல்லாமல் சொல்லிவிட்டான்.

பதினைந்தாம் தேதி பூசாரி பெரியகருப்பன் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு ஊரறியச் சொன்னார்: "எல்லைக்கல்லத் தாண்டப்படாது. தாண்டுனா ஊருக்கு ஆகாது." கண்ணாத்தாள் கூட்டத்தில் நின்று கேட்டாள்.

பத்தொன்பதாம் தேதி ஆத்மநாதன் சைக்கிளில் வந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். சேவுகன் இந்தப் பக்கம் நின்றான். நாளை முதல் பஸ்ஸுக்கு வா, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவர் கெஞ்சினார்.

"முடியாதுங்க. ஒரு பிள்ளையக் கொடுத்துட்டேன். ஊருல மத்தவுக பிள்ளை இருக்கு."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். இருபதாம் தேதி, வேப்பிலைத் தோரணம் கட்டுவதிலும் கூழ் ஊற்றுவதிலும் போய்விட்டது.

காப்பு அவிழ்த்த மறுநாள் மில்லுக்குப் போனான். ரத்தினவேல் நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கணக்கு?" என்றார்.

அன்றைக்கே திருச்சிக்கு ஓடினார்கள். நாலு நாள் பிந்திவிட்டது, தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று அதிகாரி விசாரணைக்குத் தேதி கொடுத்தார். ஆனி மாதம் விசாரணை. கண்ணாத்தாளும் போயிருந்தாள். மில் தரப்பில் ஒரு வக்கீல், பூசாரி பெரியகருப்பனையும் அழைத்து வந்திருந்தார்.

"காப்புக் கட்டினவங்க எல்லை தாண்டக் கூடாதா?" என்று அதிகாரி கேட்டார்.

பூசாரி மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். கோயில் விளக்குக்கு எண்ணெய் மில்லிலிருந்துதான் வருகிறது. "ராத்தங்கக் கூடாதுங்க. பகல்ல போயிட்டு வந்தா குத்தமில்லைங்க. மத்தது அவுகவுக மனசுங்க."

"மாமா, கட்டுறப்ப என்ன சொன்னீக? நான் அங்கதானே நின்னேன்," என்றாள் கண்ணாத்தாள்.

பூசாரி சுவரைப் பார்த்தார். சாட்சி அல்லாதவர்கள் பேசக்கூடாது என்று குமாஸ்தா அவளை உட்காரச் சொன்னார்.

வக்கீல் எழுந்தார். "இதே திருவிழாவுக்கு முதலாளியும் காப்புக் கட்டியிருந்தார். நாலாம் நாள் கார்ல புதுக்கோட்டை போய் பாங்கில கையெழுத்துப் போட்டிருக்கார். அத்தாட்சி இருக்கு. போன வருஷத் திருவிழாவிலும் அப்படித்தான். இவரும் வந்திருக்கலாம்."

அதிகாரி என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். சேவுகன் அதைக் கவனிக்கவில்லை. வக்கீலையே பார்த்தான்.

"போன வருசமும் தாண்டுனாரா?"

"ஆமாம்."

"அது அம்மை வந்த வருசமில்ல?"

வக்கீலுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மனு தள்ளுபடி ஆனது. திரும்பி வருகிற பஸ்ஸில் சேவுகன் கையைத் தடவிக்கொண்டே வந்தான், கயிறு இருந்த இடத்தை. ஆத்மநாதன், மேலே அப்பீல் போகலாமா என்று ஆரம்பித்துவிட்டு, பேச்சை விட்டுவிட்டார்.

ஆடி பதினெட்டில் கண்ணாத்தாள் வல்லத்திராக்கோட்டைக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். ஐயனார் நல்ல மனுஷர். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி வந்து பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு சேவுகன் கோயில் பக்கம் போகவில்லை. சங்கு கேட்டால் தலையையும் தூக்குவதில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் காலை ஏழு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும் வேட்டியை மடித்துப் பையில் வைத்தான்.

"எங்கிட்டுப் போறீங்க?"

"இது கேக்காத எடமாப் பாத்து."

அவன் எல்லைக்கல்லைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நிற்கவும் இல்லை, கல்லைப் பார்க்கவும் இல்லை.

மில் இன்னும் ஓடுகிறது. கண்ணாத்தாள் அதே மில் களத்தில் நெல் துழாவுகிறாள், ஏழிலிருந்து ஐந்து வரை, சில நாள் அதற்கு மேலும். சேவுகன் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு கருவாட்டுக் களத்தில் உப்புத் தொட்டி வேலையில் இருக்கிறான்.