விலைக்கு வாங்கிய மண்

அப்பா கோயம்புத்தூருக்கு, அம்மா எனக்கு. தம்பியும் நானும் போனில் பேசி முடித்தது இவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவனுடைய அடுக்குமாடி வீட்டில் ஓர் ஆளுக்கு இடம் உண்டு. கஞ்சிக்கோட்டில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டிலும் ஓர் ஆளுக்கு உண்டு. ஐம்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருமியும் முனகியும் கிடந்த இரண்டு பேரை, பாத்திரம் பிரிப்பதுபோல ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். நான் சரி என்றேன். அம்மா வந்தால் சமையலுக்கு ஒரு கை கூடும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டுதான் சரி என்றேன்.

தை மாதம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்குக் காற்று புகுந்து பனைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் வீடு கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சைக்கிளில் போய் வரும் தூரத்தில். வயல் முன்பே போய்விட்டது. என் கல்யாணத்துக்குக் கொஞ்சம், தம்பி படிப்புக்குக் கொஞ்சம், அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்கு மிச்சம். இருந்தது பன்னிரண்டு சென்ட் மண்ணும் அதன்மேல் ஓட்டு வீடும் மட்டும். மாதாமாதம் மாத்திரைக்குத் தம்பியிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டு அப்பாவின் குரல் சிறுத்துவிட்டது. அவனும் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தான். வீட்டை விற்றுவிடலாம், ஆளுக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவன் முடிவு.

அப்பா மறுவாரம் டவுனுக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு வங்கித் துண்டறிக்கையோடு வந்தார். சட்டைப்பையில் மடித்து மடித்து அது பஞ்சாகியிருந்தது. ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று போட்டிருந்தது. தலைகீழ் அடமானம்.

"இங்க பாரு அம்மிணி," என்றார். "வீட்டப் பசுன்னு வெச்சுக்க. பசு நம்ம கொட்டாயிலயே நிக்கும். பால் மாசாமாசம் நமக்கு வரும். நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்தப்பறம் பசுவ பேங்குக்காரவிய ஓட்டிக்குவாங்க. அதுவரைக்கும் ஒருத்தனும் வந்து கயித்தத் தொட முடியாது."

தம்பியிடம் சொன்னேன். போனில் சிரித்தான். "ரிவர்ஸ்ல வண்டி எடுக்கவே உன்ற அய்யனுக்குத் தெரியாது. இதுல ரிவர்ஸ்ல அடமானமா?" பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, மாசி மொத ஞாயித்துக்கிழமை கார் கொண்டாறேன். துணிமணி எடுத்து வெக்கச் சொல்லு."

இதற்குள் வங்கியிலிருந்து வீட்டை மதிப்பிட ஓர் ஆள் வந்து போயிருந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். டேப்பை நீட்டிச் சுவரைச் சுவராக அளந்தார், ஓடுகளை எண்ணினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தார். நடக்க நடக்க நெஞ்சு நிமிர்ந்தது.

"மூணு தலமொறை மண்ணுங்க இது. எங்க பாட்டன் ஏரோட்டினது, எங்கய்யன் எனக்குக் குடுத்தது. பாலக்காடு ஜில்லாவுலயே இந்தக் கரிசல் கெடைக்காதுங்க."

அவர் தலையாட்டி, எழுதிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடியானவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். பெண் பார்க்கப் போனாலும், மாட்டுச் சந்தைக்குப் போனாலும், யார் என்று கேட்டால் பாட்டன் மண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். காசு கொடுத்து மண் வாங்கினவன் நேற்று வந்தவன். அப்பா இந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். எனக்குப் பாட்டனின் முகம் தெரியாது, ஆனால் அவர் ஏர் போன தடத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவேன், அப்படி நம்பியிருந்தேன்.

நாலாம் நாள், நான் அங்கே இருக்கும்போதே, வங்கி அதிகாரி அப்பாவைப் போனில் கூப்பிட்டார். அப்பா போனை என்னிடம் தந்தார். பரம்பரைச் சொத்துக்கு இந்தக் கடன் கிடையாது, சொந்தமாகச் சம்பாதித்ததாக இருக்க வேண்டும், விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார். ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்றார். எங்கள் ஊரில் நிலப் பத்திரத்தை அப்படித்தான் சொல்வோம்.

"எங்கப்பா இருக்குது ஆதாரம்?"

"எங்கியோ கெடக்கும்," என்றார் அப்பா. எழுந்து போய்ப் பனைமரத்தடியில் நின்றுகொண்டார், காற்றில் வேட்டி படபடக்க.

பீரோவை நான்தான் குடைந்தேன். கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீதுகளுக்கு அடியில், உரச்சாக்குத் துணியில் சுற்றி இருந்தது. மலையாளத்தில் எழுதியது. தடுக்கித் தடுக்கிப் படித்தேன். விலை ஆதாரம். பன்னிரண்டு சென்ட். விற்றவர் யாரோ. வாங்கியவர் அப்பா. பாட்டனைப் பற்றி ஒரு வரி இல்லை.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தாத," என்றாள். நான் வாயே திறந்திருக்கவில்லை. "உங்க தாத்தன் இருந்த ஊரு வேற, கண்ணு. அங்க அத்தனையும் குடிச்சே அழிச்சுப்போட்டாரு. உங்கய்யன் அரிசி மில்லுல மூட்டை தூக்கித்தான் இந்த மண்ணையும் வித்துப்போட்ட வயலையும் வாங்குனது. நீங்கெல்லாம் பொறக்கறதுக்கு முந்தி. இந்த ஊருல பெரியவிய ரெண்டு மூணு பேத்துக்குத் தெரியும். ஆரும் மொகத்துக்கு நேரா கேக்கல. நீயும் கேக்காத."

ஆதாரத்தை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைக் காட்டினால் அவர்கள் இங்கேயே ஒன்றாக இருப்பார்கள். ஆனால் அப்பாவின் பேச்சு மொத்தமும் தம்பி முன்னால் பொய்யாகும். காட்டாவிட்டால் மாசி முதல் ஞாயிறு கார் வரும். அந்த ஒரு வாரமும் பையை எங்கே வைத்தாலும் என் கண் அங்கேயே போனது. பஸ்ஸில் மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். ஒருநாள் சோறு வடிக்கும்போது கஞ்சி காலில் கொட்டியது. கொட்டிய பிறகுதான் சூடு தெரிந்தது.

தம்பிக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. ஞாயிறு வரை பொறுக்காமல் சனிக்கிழமை காலையிலேயே காரோடு வந்து நின்றான். அன்று ஆதாரம் பார்க்க அதிகாரி நேரில் வருகிறார் என்பதுதான் அவனுக்கு எட்டிய விஷயம். கூடத்தில் இரண்டு பைகள் தயாராக இருந்தன. ஒன்றில் அப்பாவின் துணி, இன்னொன்றில் அம்மாவுடையது. அம்மாதான் கட்டியிருந்தாள். அப்பாவின் பைக்குள் கண்ணாடிக்கூடு இருக்கிறதா என்று நாலு முறை திறந்து பார்த்தாள்.

அதிகாரி சின்னப் பெண். மலையாளம் கலந்த தமிழ். உட்கார்ந்ததும் தம்பி ஆரம்பித்தான்.

"மேடம், இது பாட்டன் சொத்துங்க. என்னையக் கேக்காம இவரு அடமானம் வெக்க முடியாது. எனக்கும் இதுல பங்கு இருக்குது."

"அதுதான் எனக்கும் அறியணும்," என்றார் அந்தப் பெண். அப்பாவின் பக்கம் திரும்பினார். "அச்சன் தந்த ஸ்தலமா, நீங்க வாங்கினதா? அது மட்டும் சொல்லுங்க."

காற்று ஓட்டுக்கு அடியில் புகுந்து விசிலடித்தது. தம்பி கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். என் கை பையின் ஜிப்பின் மேல் இருந்தது. இழுத்தால் முடிந்தது. இழுக்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. தரையில் இருந்த இரண்டு பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி," என்றார் அப்பா. "அந்தக் கடுதாசிய எடுத்துக் குடு. உன்ற பையில இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எடுத்துக் கொடுத்தேன். உரச்சாக்குத் துணியை அவரே பிரித்தார். அதிகாரி கையில் நேராக வைத்தார்.

"நான் வாங்குனதுங்க. மில்லுல மூட்டை தூக்கி வாங்குனது. அன்னிக்கு அளக்க வந்தவருகிட்ட நான் சொன்னது பொய்யிங்க."

சாவி சுற்றுவது நின்றது. தம்பியின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வேறு ஏதோ வந்தது.

"அப்ப தாத்தன் நெலம்?"

"உங்க தாத்தன் ஒண்ணும் வெக்கல, சாமி. எனக்குப் பசியத்தான் வெச்சுட்டுப் போனாரு. உங்களுக்கு அதையா சொல்லி வளக்கறதுன்னுதான் பாட்டன் மண்ணுன்னு சொன்னேன்."

அதிகாரி ஆதாரத்தை மெதுவாகப் படித்தார், பக்கம் பக்கமாக. இது போதும், மேற்கொண்டு நடத்தலாம் என்றார். தம்பி விடவில்லை.

"வட்டி ஏறிட்டே இருக்குமுங்களே?"

"ஏறும். மறைக்கல. ஆனா இவங்க இங்க தங்கித் தாமசிக்கற வரைக்கும் திருப்பிக் கேக்க மாட்டோம். வரி கட்டணும், வீட்டை நோக்கிப் பாத்துக்கணும், பூட்டிப்போட்டு வருஷக்கணக்கா வேற எங்கயும் போய் இருக்கக் கூடாது. இவங்க காலத்துக்குப் பிறகு நீங்க கடனைத் தீர்த்தா வீடு உங்களுக்கு. வேண்டாம்னா நாங்க விப்போம். மிச்சம் வந்தா அது உங்களுக்கு."

"மிச்சம் வராட்டி?"

"வரலைன்னா உங்க கையிலேர்ந்து கேக்க மாட்டோம்."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இந்த வீடு என்றைக்காவது பாதி எனக்கு என்று நானும் நினைத்திருந்தேன்.

கடன் இருவர் பெயரிலும் என்பதால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. பேனாவை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? இவருக்கு முன்னாடி ஆயிப்போச்சுன்னா, நான் எங்கீங்க போறது?"

"எங்கேயும் போக வேண்டாம்மா. நீங்க இருக்கற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்."

அம்மா வாசலைப் பார்த்தாள். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்தாள், அந்த வாரம் முழுவதிலும் முதல் முறையாக. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"காத்துல கேக்கலீங்க," என்றாள் அம்மா அதிகாரியிடம். அவளுக்குக் கேட்டிருந்தது, எனக்குத் தெரியும். "இன்னொருக்கா சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."